சீம்பாலும் ரெண்டு கடிகாரமும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. தீஸிஸ் கழுத்தைப் பிடிக்குது, ஓஸ்லோ குளிர் காலைப் பிடிக்குது, நடுவுல எங்க எழுதறது? ஆனா இந்த விஷயத்தை எழுதாம விட்டா மனசு ஆறாது. மாட்டைப் பத்தின பதிவு. பிடிக்காதவங்க இப்பவே ஓடிரலாம் :-)

என் கூடப் படிக்கிற நார்வேக்காரன் ஒருத்தனுக்கு ஊரு தோத்தன். ஓஸ்லோவுல இருந்து யோவிக் போற ரயில்ல வடக்கால ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. வீட்டுல பால் மாடு வச்சிருக்காங்க. எல்லாம் நார்வே சிவப்பு மாடு, 1935ல் இருந்து பாத்துப் பாத்து இனம் சேர்த்து உருவாக்குன மாடு. பிப்ரவரி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் "வர்றியா?"ன்னான். எனக்கும் லேப்பைத் தவிர வேற எதையாவது பாத்தாப் போதும்னு இருந்துச்சு. கிளம்பிட்டேன்.

ராத்திரி நாலு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்புனான். ஒரு மாடு கன்னு போட்டிருக்காம். ரெண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டுப் பனியில சறுக்கிச் சறுக்கித் தொழுவத்துக்குப் போனா, அவங்கப்பா ஏற்கெனவே ஒரு வாளி பால் கறந்து வச்சிருந்தார். நல்ல மஞ்சள். பாத்த உடனே என் வாயில வந்த வார்த்தை "சீம்பால்!" அவருக்கு என்ன புரிஞ்சுதோ, சிரிச்சுக்கிட்டே "ரோமெல்க்"ன்னார். அந்த வார்த்தையைப் பிரிச்சா 'பச்சைப் பால்'னு வரும். காய்ச்சாத பாலைத்தான் சொல்றாரோன்னு முதல்ல குழம்பிட்டேன். இல்லை, சீம்பாலுக்கே அவங்க பேரு அதுதான்.

அடுத்து அவர் செஞ்சதுதான் என்னை ஆச்சரியப்படுத்துச்சு. பாக்கெட்ல இருந்து பேனா சைஸை விடக் கொஞ்சம் பெருசா ஒரு குழாயை எடுத்தார். அதோட கண்ணாடியில ஒரு சொட்டு சீம்பால் விட்டு, மூடி, லைட்டுப் பக்கம் திருப்பி ஒத்தைக் கண்ணால பாத்தார். "இருபத்தஞ்சு, நல்லாருக்கு"ன்னுட்டு நாலு லிட்டர் அளந்து பாட்டில்ல ஊத்தி, இன்னும் ஈரம் காயாத கன்னுக்குட்டி வாயில வச்சிட்டார். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகலை. இளங்கொடி இன்னும் விழலை, பாதி வெளிய தொங்கிக்கிட்டு இருக்கு. அதை அவர் கண்டுக்கவே இல்லை.

எனக்கு அங்க நின்னபடியே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிருச்சு.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். சிவகங்கைப் பக்கம் எங்க ஊருல அப்பத்தா வீட்டுல லெச்சுமின்னு ஒரு மாடு, ஜெர்சி கலப்பு. அது ரெண்டாவது ஈத்து கன்னு போட்டது ஒரு விடியக்காலம். எங்க ஊரு வழக்கம் என்னன்னா, இளங்கொடி விழுகுற வரைக்கும் கன்னை மடியில விடக்கூடாது. விட்டா கொடி விழாது, உள்ளயே நின்னுரும்னு சொல்லுவாங்க. கன்னு எந்திரிச்சு எந்திரிச்சு மடியை மோந்துக்கிட்டுப் போகும், அப்பத்தா இழுத்து ஓரமாக் கட்டிப் போடும். கொடி விழ மத்தியானம் ஆயிருச்சு. அதை வைக்கோல்ல சுத்திச் சாக்குல போட்டு, ஊருணிக்கரை ஆலமரத்துல கட்டிட்டு வந்தார் சித்தப்பா. பால் வடியிற மரத்துல கட்டுனா மாடும் நிறையப் பால் கறக்கும்னு நம்பிக்கை. அதுக்கப்புறம்தான் கன்னுக்குக் கொஞ்சம். மிச்சத்தைக் கறந்து, கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு அவிச்சு, தெரு முழுக்கக் கிண்ணம் கிண்ணமா நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன். திரும்பி வந்து நானும் ரெண்டு கிண்ணம் தின்னேன். அவ்வளவு ருசி.

மூணாம் நாள் கன்னுக்கு வெள்ளைக் கழிச்சல். அஞ்சாம் நாள் காலையில செத்துக் கிடந்துச்சு. அப்புறம் அந்தத் தோல்ல வைக்கோலை அடைச்சு லெச்சுமி முன்னாடி வச்சுப் பால் கறந்தாங்க. அது அந்த வைக்கோல் கன்னை நக்கிக்கிட்டே பாலை விடும். அதைப் பாக்க முடியாம நான் கொஞ்ச நாள் தொழுவத்துப் பக்கமே போகலை.

சரி, கொசுவத்தியை அணைச்சிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

மனுசக் குழந்தை வயித்துல இருக்கும்போதே தாயோட ரத்தத்துல இருந்து நோய் எதிர்ப்புப் புரதங்கள் (இம்யூனோகுளோபுலின்னு பேரு, இனிமே 'எதிர்ப்புப் புரதம்'னே சொல்றேன்) கொடி வழியா குழந்தைக்குப் போயிரும். மாட்டுக்கு அந்த வசதி கிடையாது. மாட்டோட கொடி அமைப்புல தாய் ரத்தத்துக்கும் கன்னு ரத்தத்துக்கும் நடுவுல அடுக்கு அடுக்கா தடுப்பு. சாப்பாடு போகும், காத்து போகும், இந்தப் பெரிய புரதம் போகாது. அதனால கன்னுக்குட்டி பிறக்கும்போது எதிர்ப்புச் சக்தி விஷயத்துல கிட்டத்தட்ட வெறுங்கையோட வருது. அதுக்குத் தாய் குடுக்குற சீதனம் மொத்தமும் சீம்பால்லதான் இருக்கு.

இது புதுசாக் கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. 1892லயே பால் எர்லிக் எலிகளை வச்சுத் தாய்ப்பால் வழியா எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகும்னு காட்டிட்டார். 1922ல் அமெரிக்காவுல தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் ஒரு சோதனை செஞ்சாங்க. கொஞ்சம் கன்னுக்குச் சீம்பால் குடுத்தாங்க, கொஞ்சத்துக்குக் குடுக்காம சாதாரணப் பால் மட்டும் குடுத்தாங்க. குடுக்காத கூட்டத்துல பெரும்பாலானது சில நாள்லயே செத்துப் போச்சு. அப்பத்தா பிறக்குறதுக்கு முன்னாடி நடந்த சோதனை இது!

இப்ப அந்த மஞ்சள் பாலுக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம். 1978ல் ஃபோலி, ஆட்டர்பின்னு ரெண்டு பேர் தொகுத்த கணக்கு ஒண்ணு இருக்கு. இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் அதைத்தான் எடுத்துப் போடுறாங்க. முதல் கறவையில தண்ணி போக மிச்சம் நிக்கிற கெட்டிப் பொருள் சுமார் 24 சதவீதம். ரெண்டாவது கறவையில 18, மூணாவதுல 14. சாதாரணப் பால்ல 13க்குப் பக்கம். அதாவது மூணாவது கறவைக்குள்ளயே சுமார் அஞ்சுல ரெண்டு பங்கு இறங்கிருது. புரதத்தை மட்டும் எடுத்தா இன்னும் மோசம்: 14 சதவீதத்துல ஆரம்பிச்சு, 8.4, 5.1னு சறுக்கிக் கடைசியில 3.1ல வந்து நிக்குது. அந்தப் புரதத்துக்குள்ள நமக்கு வேண்டிய எதிர்ப்புப் புரதம் முதல் கறவையில 6 சதவீதம், ரெண்டாவதுல 4.2, மூணாவதுல 2.4. சாதாரணப் பால்ல 0.1 சதவீதம்கூட இல்லை. வைட்டமின் ஏ சாதாரணப் பாலை விட எட்டு ஒன்பது மடங்கு. அந்த மஞ்சள் நிறமே கரோட்டின் தர்றதுதான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் தலைகீழ். பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ். முதல் கறவையில 2.7 சதவீதம்தான், அப்புறம் ஏறி ஏறி 5 கிட்ட போகும். சீம்பாலை அப்படியே நாக்குல வச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், இனிப்பு கம்மி, லேசா உப்புக் கரிக்கும். கருப்பட்டியோட புண்ணியத்துலதான் அது பலகாரம் ஆகுது.

ஏன் இப்படி இறங்குது? எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன், ஃபில்டர் காபி போடுறவங்களுக்கு உடனே புரியும். கன்னு போடுறதுக்கு முன்னாடி கடைசி சில வாரம் மாட்டோட மடி, ரத்தத்துல இருந்து எதிர்ப்புப் புரதத்தை உறிஞ்சி உறிஞ்சிச் சேர்த்து வைக்குது. அந்தச் சமயத்துல தாயோட ரத்தத்துலயே அதோட அளவு குறைஞ்சிரும், அவ்வளவு இழுக்குது. பிரசவம் நெருங்கும்போது ஹார்மோன் மாறும், புரொஜெஸ்டிரோன் சடார்னு இறங்கும். அந்த உறிஞ்சுற வேலை நின்னு போய் பால் சுரக்குற வேலை ஆரம்பிக்கும். லாக்டோஸ் உற்பத்தி கூடும், லாக்டோஸ் எங்க போகுதோ அங்க தண்ணியையும் கூட இழுத்துக்கிட்டுப் போகும். ஆக, ஃபில்டர்ல தூள் போட்டாச்சு, இனிமே தூள் கிடையாது, மேல வெந்நீர் மட்டும் ஊத்திக்கிட்டே இருக்காங்கன்னு வச்சுக்குங்க. முதல் டிகாக்ஷன் கள்ளிச்சொட்டு. ரெண்டாவது பரவாயில்லை. மூணாவது, சொந்தக்காரங்களுக்குப் போடுற காபி.

இதுல கவனிக்க வேண்டியது, கறந்தாத்தான் நீர்க்கும்னு இல்லை. கறக்காம விட்டாலும் நீர்க்கும். மடிக்குள்ளயே புதுப்பால் ஊறிச் சேருதே. 2005ல் அமெரிக்காவுல வந்த ஓர் ஆய்வுல கன்னு போட்டு 2 மணி நேரத்துல எடுத்த சீம்பால்ல லிட்டருக்கு 113 கிராம் எதிர்ப்புப் புரதம். 6 மணி நேரத்துல 94, 10ல 82, 14ல 76. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சும்மா நின்னதுலயே போச்சு.

இது முதல் கடிகாரம். ரெண்டாவது கடிகாரம் கன்னுக்குட்டி குடல்ல ஓடுது, அது இன்னும் வேகம். பிறந்த கன்னோட குடல் செல்கள் பெரிய புரதத்தை முழுசா அப்படியே விழுங்கி ரத்தத்துக்குள்ள விடும். நமக்கெல்லாம் புரதம் செரிச்சு துண்டு துண்டாத்தான் உள்ள போகும், இது அப்படி இல்லை. போதாக்குறைக்கு அந்தப் புரதத்தை வயித்துல செரிக்க விடாம காக்குறதுக்குன்னு ஒரு தனிப் பொருளும் சீம்பால்லயே இருக்கு. என்ன ஒரு ஏற்பாடு பாருங்க! ஆனா இந்தக் கதவு திறந்திருக்குறது கொஞ்ச நேரம்தான். முதல் சில மணி நேரம் அகலமாத் திறந்திருக்கும், பன்னெண்டு மணி நேரத்துல பாதி சாத்திரும், ஒரு நாள்ல பூட்டிரும். அதுக்கப்புறம் குடுக்குற சீம்பால் குடலுக்குள்ள கிருமியோட கொஞ்சம் சண்டை போடும், நல்ல சாப்பாடா இருக்கும், ரத்தத்துக்குப் போகாது. 2008ல் ஐரோப்பிய யூனியன் கன்னுகளுக்காகப் போட்ட உத்தரவுல, பிறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுத்தே ஆகணும்னு எழுதி வச்சிருக்குறது இதனாலதான்.

மாட்டுக்குக் கொடி விழ பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகலாம், அது சாதாரணம்தான். ரெண்டு கடிகாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பால் நல்ல கெட்டியா இருந்து, கதவும் நல்லாத் திறந்திருக்குற அந்த நேரத்தைத்தான் நாங்க கொடி விழட்டும்னு கன்னைக் கட்டிப் போட்டு வீணாக்கியிருக்கோம். இதுல கொடுமை என்னன்னா, கன்னு முட்டிக் குடிச்சா ஆக்ஸிடோசின் சுரக்கும். அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். கொடி விழ அது உதவத்தான் செய்யும், தடுக்காது.

லெச்சுமி கன்னு இதனாலதான் செத்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. கழிச்சல் வர நூறு காரணம் இருக்கு. ஆனா அது ஆயுதம் இல்லாமதான் சண்டைக்குப் போச்சு. அந்த ஆயுதத்துல ரெண்டு கிண்ணம் என் வயித்துல இருந்துச்சு. தொழுவத்துல நிக்கும்போது இதுதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. தோழன், "என்னடா, குளிருதா?"ன்னான். ஆமான்னுட்டேன்.

அந்தக் குழாய் விஷயத்தைப் பாதியில விட்டுட்டேன். அது பழச்சாறுல சர்க்கரை எவ்வளவுன்னு பாக்குற கருவி, பிரிக்ஸ் மீட்டர். வெளிச்சம் எவ்வளவு வளையுதுன்னு பாத்துக் கெட்டித்தன்மையைச் சொல்லும். 22க்கு மேல காட்டுனா லிட்டருக்கு 50 கிராம் எதிர்ப்புப் புரதமாவது இருக்கும்னு ஒரு கணக்கு. அந்த 50தான் 'நல்ல சீம்பால்'னு சொல்றதுக்கு எல்லைக்கோடு. கண்ணால பாத்தாத் தெரியாதான்னு கேட்டேன். அவர் ஃப்ரீசரைத் திறந்து காட்டுனார். வரிசையா பாட்டில், ஒவ்வொண்ணுலயும் தேதி, நம்பர். சீம்பால் பேங்க்! போன வாரம் ஒரு கிடேரி முதல் ஈத்து போட்டுச்சாம். பால் நல்ல மஞ்சளாத்தான் இருந்துச்சாம், மீட்டர் 17தான் காட்டுச்சாம். அதுக்கு இந்த பேங்க்ல இருந்து எடுத்து, மிதமான வெந்நீர்ல பாட்டிலை வச்சு உருக்கிக் குடுத்தாராம். கொதிக்கிற தண்ணியில வச்சா எல்லாம் போச்சு, புரதம் வெந்துரும்.

ஓஸ்லோ திரும்பினதும் தேடிப் பாத்தேன். 2008ல் நார்வே மாடுகளை வச்சே ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கு. 1,250 மாட்டுச் சீம்பால். லிட்டருக்கு 4 கிராம் இருந்த மாடும் இருக்கு, 235 கிராம் இருந்த மாடும் இருக்கு. நடு மதிப்பு 45. அதாவது பாதிக்கு மேல, 57.8 சதவீதம், அந்த 50ஐத் தொடலை. நாலு ஈத்துக்கு மேல ஆன மாடுகளுக்கு நல்லா இருந்துச்சு, முதல் ரெண்டு ஈத்து மாடுகளுக்குக் கம்மி. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில கன்னு போட்ட மாடுகளுக்கும் கம்மி. இவ்வளவு பராமரிப்பு இருக்குற ஊருலயே இந்தக் கதை. நான் பாத்த மாடு அஞ்சாவது ஈத்து, அதான் பிப்ரவரிக் குளிர்லயும் 25.

அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டாவது கறவை. என்னையே மீட்டரைப் பாக்கச் சொன்னார். 18. மறுநாள் காலையில 14. புத்தகத்துல படிச்ச டேபிள் கண்ணு முன்னாடி நடக்குறதைப் பாக்குறது தனி சுகம்தான், ஒத்துக்கிறேன்.

கிளம்பும்போது அந்த ரெண்டாவது கறவையில இருந்து ரெண்டு லிட்டர் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுல ஊத்திக் குடுத்தார் (ஐஸ்கிரீம் டப்பாவுல ஐஸ்கிரீமைத் தவிர எல்லாம் இருக்குறது உலகப் பொது வழக்கம் போல!). கன்னுக்கு வேணாமான்னு கேட்டேன். அதுக்கு எடுத்து வச்சாச்சு, பேங்க்கும் நிறைஞ்சிருக்குன்னார். இதைச் சர்க்கரை போட்டு, தண்ணியில பாத்திரத்தை வச்சு அவன்ல வேக வச்சு, மேல பட்டைத்தூள் தூவித் தின்பாங்களாம். பேரு 'கல்வெடான்ஸ்', கன்னுக்குட்டி டான்ஸ். தட்டை ஆட்டுனா ஆடுமே, அதுக்கு. ஐஸ்லாந்துலயும் ஃபின்லாந்துலயும்கூட வேற பேருல இது உண்டு. ஆந்திரா ஜுன்னு, கர்நாடகா கிண்ணு, மராத்தி கர்வஸ் எல்லாம் இதோட பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்க.

ஓஸ்லோவுல எனக்கு அப்பப்ப சோறு போடுற ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி க்ரூருத் பக்கம் இருக்காங்க. டப்பாவைத் தூக்கிக்கிட்டு நேரா அங்க போனேன். திறந்து பாத்ததும் அவங்க முகத்தைப் பாக்கணுமே! "ஐயோ தம்பி, உது கடும்பெல்லோ! எத்தினை வரியமாச்சு இதைக் கண்டு!"ன்னாங்க. அவங்க ஊருல சீம்பாலுக்குக் கடும்புன்னு பேரு. பனங்கட்டி இருக்கான்னு அலமாரியைக் குடைய ஆரம்பிச்சிட்டாங்க.

நான் அம்மாவுக்கு வாட்ஸப்ல கூப்பிட்டுப் பக்குவம் கேட்டேன். அம்மா எடுத்ததுமே கேட்டது, "எத்தனையாம் நேரத்துப் பாலு?" முதல் நேரத்துப் பால்னா அதோட ரெண்டு பங்கு சாதாரணப் பால் கலக்கணும், இல்லேன்னா ரப்பர் மாதிரி ஆயிரும். ரெண்டாவது நேரம்னா அரைப் பங்கு கலந்தாப் போதும். மூணாவதுன்னா கலக்கவே கூடாது. அதுக்கு மேலன்னா கட்டியாகாது, திரிஞ்சு போகும். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சீம்பால் வெந்தா கட்டியாகுறதுக்குக் காரணமே அந்த எதிர்ப்புப் புரதமும் கூட இருக்குற மத்த மோர்ப் புரதங்களும்தான், சூடு பட்டா வலை மாதிரி பின்னிக்கும். சாதாரணப் பால்ல இருக்குற கேசீன் கொதிச்சாலும் அசையாது. அம்மா சொன்னது அப்படியே அந்த 1978 டேபிள். இட்லிப் பானைதான் மீட்டர்.

ஆக, முதல் நேரத்துப் பால்தான் கனம், நேரம் ஆக ஆக நீர்த்துப் போகும்னு எங்க வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கனம் எதுக்காக, யாருக்காகன்னுதான் யாரும் சொல்லித் தரலை. சேனை வச்சிட்டுத் தாயோட முதல் பாலைப் பீச்சி ஊத்துற வழக்கமும் நம்மகிட்ட இருந்துச்சே, அங்கயும் இதே கதைதான். இப்ப ஊருல கால்நடை டாக்டர்கள் கொடிக்காகக் காத்திருக்காதீங்க, கன்னு எடையில பத்துல ஒரு பங்கு சீம்பால் குடுங்கன்னுதான் சொல்றாங்க. கேக்குறவங்களும் இருக்காங்க.

ஒரு சின்னத் திசைமாற்றம்: சீம்பால் பொடி, மாத்திரைன்னு பெரியவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கூட்ட விக்கிறாங்கல்ல, அதைப் பத்தி யாராவது கேப்பீங்க. நம்ம குடல் கதவு சாத்திப் பல வருசம் ஆச்சுங்க. உள்ள போனா செரிச்சுப் புரதமா ஆகும், அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

அம்மாகிட்ட பேசும்போது அப்பத்தாவும் பக்கத்துல இருந்துச்சு. எண்பத்தி ரெண்டு வயசு, காது கொஞ்சம் மந்தம். கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னேன். லெச்சுமி கன்னுன்னு சொன்னதும் அதுக்கு ஞாபகம் வந்துருச்சு. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன். அப்புறம், "எங்க மாமியா சொன்னாக, நான் செஞ்சேன். அந்தக் கன்னு அன்னைக்கு மடியப் பாத்து கத்துனது எனக்கு இன்னமும் காதுல இருக்குப்பா"ன்னுச்சு.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. பின்னாடி அன்ரி வீட்டுக் குக்கர் விசிலடிச்சுச்சு. அப்பத்தாவே பேச்சை மாத்திருச்சு. "அது சரி, அந்த ஊருலதான் ஆலமரமே இல்லையாமே, கொடிய எங்கப்பா கட்டுவாக?"

அதைக் கேக்க மறந்துட்டேன். திங்கக்கிழமை க்ளாஸ்ல அவனைப் பிடிச்சுக் கேட்டுட்டு அப்பத்தாவுக்குப் போன் போடணும்.